உலோக வேகன் கிட்டுக்குப் பசை போதுமா, சால்டர் வேண்டுமா?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மாமா ஊருக்கு வந்தபோது 4 மில்லிமீட்டர் அளவில், அதாவது அசலின் ஒரு அடி மாடலில் 4 மில்லிமீட்டராக வரும் கணக்கில், இரண்டு மாடல் ரயில் சரக்கு வேகன் கிட் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஒன்று வொயிட் மெட்டல் வார்ப்பு, மற்றொன்று பித்தளைத் தகடு. இரண்டுமே நாலு சக்கர பிரிட்டிஷ் மூடிய வேகன்கள். தம்பி இதுவரை பிளாஸ்டிக் கிட் மட்டும்தான் ஒட்டியிருக்கிறார். சூப்பர் க்ளூ போதுமா, சால்டர், அதாவது உருக்கிப் பற்றவைக்கும் ஈயக் கலவை, கட்டாயமா? சாமான்கள் நம் பக்கத்தில் கிடைக்குமா? கட்டி முடித்த பிறகு இவற்றை நாகர்கோவில் ஜங்ஷனில் நிற்கும் வேகன் மாதிரி மாற்ற முடியுமா? இவைதான் கேள்விகள்.

தம்பி, பித்தளைக்குச் சால்டர்தான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. வொயிட் மெட்டலுக்கும் சால்டர் நல்லது, ஆனால் ஆரல்டைட் மாதிரி இரண்டு டியூப் எப்பாக்சி பசையிலும் உறுதியாகக் கட்டலாம். சூப்பர் க்ளூவைக் கைப்பிடிக் கம்பி, பெயர்ப் பலகை போன்ற பாரம் தாங்காத துண்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது இறுகினால் கல் மாதிரி இருக்கும், ஆனால் அதிர்ச்சி தாங்காது. 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தகடுகளின் ஓரம் சந்திக்கும் இடத்தில் அது பிடித்துக்கொள்ளப் பரப்பே இல்லை. மேசையிலிருந்து ஒருமுறை விழுந்தால் மூலை பிரிந்துவிடும். போதாததற்கு நம் ஊர் ஈரக்காற்றில் உலோகத்தின் மேல் அந்த ஒட்டு வருஷம் போகப் போகத் தளர்ந்துகொண்டே வரும்.

ஆனால் ஒட்டுவதைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். நம் குமரி மாவட்டத்தில் ஓர் உலோக மாடல் பத்து வருஷம் நிற்குமா, இரண்டே வருஷத்தில் பெயிண்டுக்கு அடியில் பச்சை பூத்துப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது கழுவுவதுதான். சால்டர் வைக்கும்போது தடவும் ஃப்ளக்ஸ் ஒரு அமிலம். அதன் மிச்சம் ஒரு மூலையில் தங்கிவிட்டால், கடல் காற்றின் ஈரமும் உப்பும் சேர்ந்து அங்கே களிம்பு கட்டும். குளிர்ந்த நாட்டுக்காரர்கள் எழுதிய கட்டுமானக் குறிப்பில் ‘கழுவவும்’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள். குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காப்பட்டணத்திலும் குடியிருப்பவர்களுக்கு அது போதாது. அதனால் கீழே பல இடங்களில் கழுவுவதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, இரண்டு கிட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்போம். வொயிட் மெட்டல் என்பது வெள்ளீயத்தை முக்கியமாகக் கொண்ட கலவை. ஆன்டிமனி, பிஸ்மத், பழைய கிட்டுகளில் காரீயம் எல்லாம் கலந்திருக்கும். ரப்பர் அச்சில் ஊற்றி எடுப்பதால் பக்கச் சுவர் பலகைகளின் கோடு, ஆணித் தலை, கதவுக் கொண்டி எல்லாம் வார்ப்பிலேயே வந்துவிடும். கனம் தானாகவே இருக்கும். குறை என்னவென்றால், அது குறைந்த சூட்டிலேயே உருகும். சாதாரண சால்டரிங் அயர்னை நேராக வைத்தால் ஒரு நொடியில் மூலையே வழிந்து போய்விடும். பித்தளைக் கிட் இதற்கு நேர் எதிர். அமிலத்தில் அரித்து எடுத்த தட்டையான தகடு. எல்லாத் துண்டுகளும் ஒரு சட்டத்துக்குள் சின்னக் காதுகளால் தொங்கிக்கொண்டிருக்கும். சூட்டுக்குப் பயமில்லை, ஆனால் மடிப்பது, ஆணித் தலையைப் பின்னாலிருந்து தட்டி எழுப்புவது, சதுரமாக நிறுத்துவது எல்லாம் உங்கள் கையில். முதலில் பித்தளையைக் கட்டுங்கள் என்பது என் யோசனை. பலர் மாற்றிச் சொல்வார்கள். பித்தளையில் தவறாகப் போன மூட்டைச் சூடாக்கிப் பிரித்துத் திரும்ப வைக்கலாம். வொயிட் மெட்டலில் உருகிப்போன மூலை திரும்பாது. சால்டர் கைக்குப் பழகிய பிறகு அதற்குப் போங்கள்.

சாமான் விஷயத்தில் நாகர்கோவில் பக்கம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வடசேரியில் கோயில் நகை செய்யும் பரம்பரை இருக்கிறது, அந்த நகைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அந்தத் தொழிலுக்கு வேண்டிய கருவிதான் நமக்கும் வேண்டியது. நூல் மாதிரி மெல்லிய பிளேடு போடும் பிரேம் வாள், ஊசி அரங்கள், கூர்நுனி இடுக்கி, பல் இல்லாத தட்டை வாய்க் குறடு, விரலால் உருட்டும் கை டிரில், 0.4 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை பித்தளைக் கம்பி, இவ்வளவும் பொற்கொல்லர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் கேட்டால் கிடைக்கும். குறட்டின் வாயில் பல் இருந்தால் வாங்காதீர்கள். தகட்டில் விழுந்த பல் தடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுப்பதற்குள் ஆணித் தலையும் சேர்ந்து போய்விடும். கண்ணாடிக் கடையில் ஒரு அடிக்கு ஒரு அடி தடித்த கண்ணாடி ஒன்று வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் அதைவிடச் சமமான தளம் வேறு கிடையாது.

சால்டரைப் பொறுத்தவரை எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 63/37 போதும். வெள்ளீயம் 63, காரீயம் 37 பங்கு. இது 183 டிகிரியில் சட்டென்று உருகி, சட்டென்று உறையும். 60/40 என்றால் கொஞ்ச நேரம் கூழாக இருந்து உறையும், அந்த இடைவேளையில் கை அசைந்தால் மூட்டு மங்கலாகிவிடும். இரண்டாவதாக ஒரு குறைந்த சூட்டுச் சால்டர் வேண்டும். வெளிநாட்டில் இதற்காக 70 டிகிரியில் உருகும் கலவையும் 145 டிகிரியில் உருகுவதும் விற்கிறார்கள். இங்கே அலைய வேண்டாம். செல்போன் ரிப்பேர் செய்பவர்கள் சின்ன டப்பாவில் வைத்திருக்கும் 138 டிகிரி பேஸ்ட் இருக்கிறதே, அது வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்தது. முதல் கட்ட மூட்டுகளை 183-லும், அதற்குப் பக்கத்தில் பிறகு வரும் சின்னத் துண்டுகளை 138-லும் வைத்தால் முன்னால் வைத்தது பிரியாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். காரீயச் சால்டரும் இந்தப் பேஸ்ட்டும் ஒரே இடத்தில் நன்றாகக் கலந்துவிட்டால், அந்தக் கலவை 96 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்கிவிடும். அதனால் பாரம் தாங்கும் மூட்டில் இரண்டையும் கலக்காதீர்கள்.

சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள சால்டரிங் ஸ்டேஷன் ஒன்று வாங்கிவிடுங்கள். 60 வாட் இருந்தால் நல்லது. தகடு முழுக்கச் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால், பலவீனமான அயர்னால் வெகுநேரம் சூடாக்குவதைவிட, வலுவான அயர்னால் சட்டென்று தொட்டு எடுப்பதுதான் தகட்டுக்கு நல்லது. நுனி ஊசியாக வேண்டாம், உளி மாதிரித் தட்டையாக இருக்கட்டும்.

ஃப்ளக்ஸில்தான் நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. தகர வேலை செய்பவர்கள் அமிலத்தில் துத்தநாகத்தைக் கரைத்து ஒரு திரவம் வைத்திருப்பார்கள். அதைத் தொட்டால் சால்டர் ஓடு ஓடு என்று ஓடும். வாளிக்கும் புனலுக்கும் சரி, நம் வேலைக்கு வேண்டாம். அதில் இருப்பது குளோரைடு. ஒரு மடிப்புக்குள் அது தங்கினால் எவ்வளவு கழுவினாலும் களிம்பு வரும். பாஸ்பாரிக் அமிலத்தை நீர்த்த ஃப்ளக்ஸ் பித்தளைக்குப் பொருத்தம், தண்ணீரிலேயே கழுவிப் போய்விடும். அது கிடைக்கவில்லை என்றால் எலெக்ட்ரானிக்ஸ் ரோசின் பேஸ்ட்டும் வேலை செய்யும், ஆனால் தகடு பளிச்சென்று இருக்க வேண்டும், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். எந்த ஃப்ளக்ஸாக இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். சின்ன ஃபேன் ஒன்று புகையை முகத்துக்கு வெளியே தள்ளட்டும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு சாப்பிடப் போங்கள், காரீயம் வயிற்றுக்குள் போகக் கூடாது.

இனி கட்டுவோம். கிட் பெட்டிக்குள் சில மாதம் கிடந்திருந்தால் பித்தளை மங்கியிருக்கும். குத்துவிளக்குத் தேய்க்கும் புளியே இதற்குப் போதும். புளிக் கரைசலில் பழைய டூத் பிரஷ் போட்டு மெல்லத் தேய்த்துக் கழுவினால் தகடு பொன் நிறத்துக்கு வந்துவிடும். விளக்குக்குப் போடுகிற மாதிரி உப்பு மட்டும் சேர்க்காதீர்கள்.

எல்லாரும் ஆசைப்பட்டுப் பெட்டியை, அதாவது மேல் உடலை, முதலில் கட்டுவார்கள். நான் அடிச்சட்டத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். வேகன் அழகாக இருந்து தடம் புரண்டால் அது அலமாரியில் வைக்கும் பொம்மை. நாலு சக்கரமும் ஒரே தளத்தில் நின்று, இரண்டு அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் அது ஓடும். பிரிட்டிஷ் 4 மில்லிமீட்டர் வேகன்களில் அச்சு முனைகள் ஊசியாக இருக்கும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 26 மில்லிமீட்டர். தொப்பி வடிவில் சின்னப் பித்தளைப் பேரிங்குக்குள் அந்த ஊசி முனை உட்கார்ந்து சுழலும். பேரிங்கை, அச்சைப் பிடித்திருக்கும் டபிள்யூ வடிவத் தாங்கியின் ஓட்டையில் வைத்துச் சால்டர் தொடும்போது ஓட்டைக்குள் சால்டர் ஒழுகாமல் இருக்க, உள்ளே ஒரு பல்குத்தியைச் செருகி வையுங்கள். மரத்தில் சால்டர் பிடிக்காது.

நல்ல பித்தளைக் கிட்டில் வண்டியின் ஒரு முனையில் உள்ள தாங்கி அசையாமலும், மறுமுனைத் தாங்கி நடுவில் ஒரு கம்பியின் மேல் இடம் வலமாகச் சாய்ந்தாடும்படியும் கொடுத்திருப்பார்கள். மூன்று கால் முக்காலி எந்தக் கரடுமுரடான தரையிலும் ஆடாமல் நிற்கிறதல்லவா, அதே கணக்குதான். தண்டவாளம் சற்று ஏறி இறங்கினாலும் நாலு சக்கரமும் தொட்டுக்கொண்டே போகும். உங்கள் கிட்டில் அந்த ஏற்பாடு இருந்தால், ‘எதற்கு வீண் வேலை’ என்று அதை அசையாமல் ஒட்டிவிடாதீர்கள். கிட்டிலேயே மிக அருமையான பகுதி அது. இல்லையென்றால் சதுரமாகக் கட்டுவதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

சக்கரம் மாட்டியதும் கண்ணாடி மேல் வையுங்கள். நாலு மூலையையும் விரல் நுனியால் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். டக் டக் என்று ஆடினால் ஏதோ ஒரு மூலை தூக்கி நிற்கிறது, சூடாக்கித் திருத்துங்கள். அடுத்து இரண்டு பக்கமும் அச்சுக்கு அச்சு உள்ள தூரத்தை வெர்னியரில் அளந்து பாருங்கள். அசலில் 9 அடி என்றால் 36, 10 அடி என்றால் 40 மில்லிமீட்டர் வரும். இரண்டு பக்கத்துக்கும் கால் மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஜோடிச் சக்கரங்களின் உள் முகத்துக்கு உள் முகம், 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ஓஓ (பிரிட்டிஷ் 4 மில்லிமீட்டர் மாடல் வகை) சக்கரத்துக்கு, 14.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தண்டவாளம் பிரியும் பாயின்ட்டில் தடம் புரளும் வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு அளவைச் சரிசெய்தாலே ஓடிவிடும்.

இப்போது உடல். மடிக்கும் இடங்களில் பாதி ஆழத்துக்கு அரித்த கோடு இருக்கும். அந்தக் கோடு மடிப்பின் உள்பக்கம் வர வேண்டும். வேறு விதமாகச் சொல்லாதவரை எந்தக் கிட்டுக்கும் இதே விதிதான். மடிக்கும் முன்பே ஆணித் தலைகளை எழுப்பிவிடுங்கள். பின்பக்கம் சின்னச் சின்னக் குழி தெரியும். தகட்டைத் தடித்த அட்டையின் மேல் கவிழ்த்து, மழுங்கிய ஊசியால் ஒவ்வொரு குழியிலும் ஒரே அளவு அழுத்தம் கொடுக்க வேண்டும். இரண்டு இரும்பு ஸ்கேலுக்கு நடுவில் தகட்டைக் கோட்டோடு கோடு வைத்து இறுக்கி, மரக்கட்டையால் முழு நீளத்தையும் ஒரே தடவையில் தள்ளி மடியுங்கள். குறட்டால் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று மடித்தால் தகடு அலை அலையாகிவிடும், அதைச் சரிசெய்யவே முடியாது.

மூலை வைப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், இது கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் வந்துவிடும். பக்கச் சுவரையும் முன் சுவரையும் கண்ணாடி மேல் ஒரு செங்கோண மட்டத்தோடு சேர்த்து நிறுத்துங்கள். துணி உலர்த்தும் மரக் கிளிப்பால் பிடித்தால் சூட்டை இழுக்காது. உள்பக்க மூலையில், மேலிருந்து கீழ் வரை, பிரஷ்ஷால் ஃப்ளக்ஸ் ஒரு கோடு. அயர்ன் நுனியில் எள் அளவு சால்டர் எடுத்து மூலையின் நடுவில் ஒரே ஒரு புள்ளி. அவ்வளவுதான், நிறுத்துங்கள். எடுத்துப் பாருங்கள். மேல் ஓரம் இரண்டும் சமமா? கோணம் 90 டிகிரியா? இல்லையென்றால் அந்த ஒரு புள்ளியைத் தொட்டு இளக்கி நகர்த்தலாம். நாலு மூலைக்கும் இப்படி ஒவ்வொரு புள்ளி வைத்து, பெட்டியின் குறுக்கு மூலைகளை அளந்து இரண்டும் ஒன்றுதான் என்று உறுதியான பிறகு, ஒவ்வொரு மூலையிலும் ஃப்ளக்ஸ் மறுபடி தடவி, மேலிருந்து கீழாக அயர்னை மெல்ல இழுத்து வாருங்கள். சால்டர் சூட்டைத் தொடர்ந்து ஓடிவரும். நுனிக்கு முன்னால் வெள்ளிக் கோடு மாதிரி அது பளபளத்து நகர்ந்தால் சூடு சரி. உருண்டையாகத் திரண்டு நின்றால் தகடு அழுக்கு, அல்லது சூடு போதவில்லை.

வெளிப்பக்கம் வழிந்த சால்டரைக் கண்ணாடி இழைப் பேனாவால் சுரண்டி எடுக்கலாம். அந்த இழை விரலில் ஏறினால் எடுப்பது கஷ்டம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நாள் வேலை முடிவிலும் கழுவ வேண்டும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் விளக்கும் திரவம் நாலு சொட்டு, அமிலத்தை முறிக்க ஒரு சிட்டிகை ஆப்பசோடா, மூலை முடுக்கெல்லாம் டூத் பிரஷ். அப்புறம் நல்ல தண்ணீர். கடற்கரை ஊர்களில் பல வீட்டில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். அதில் அலசி வைத்தால் உப்பைப் பூசி வைத்த மாதிரிதான். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள். ஒரு கேன் வாங்கினால் மாதக் கணக்கில் வரும். அலசியதும் ஹேர் டிரையரில் உலர்த்துங்கள், மடிப்புக்குள் தண்ணீர் நிற்கக் கூடாது.

வொயிட் மெட்டல் கிட்டுக்கு வருவோம். வார்ப்பின் ஓரத்தில் அச்சு இணைந்த கோடு துருத்திக்கொண்டிருக்கும், அதை அரத்தால் எடுத்துவிட்டுப் பக்கங்களைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் விரலாலேயே நிமிர்த்தலாம், அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக. சால்டர் வைப்பதானால் அயர்னை 190 டிகிரிக்கு இறக்கி, வார்ப்போடு வந்த உதிரித் துண்டில் முதலில் தொட்டுப் பாருங்கள். துண்டு உருகாமல் 138 டிகிரி பேஸ்ட் மட்டும் உருகி ஓடினால் நீங்கள் தயார். துண்டும் சேர்ந்து இளகினால் அந்தக் கலவைக்கு இந்தப் பேஸ்ட் ஆகாது, எப்பாக்சிக்குப் போய்விடுங்கள், அதில் எந்தக் குறைவும் இல்லை. எப்பாக்சி வைக்கும் முன் இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் கீறி விடுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைவிட, இரவு முழுக்க இறுகும் வகை பலம் அதிகம், சதுரம் சரிபார்க்கவும் நேரம் கிடைக்கும். பித்தளைத் துண்டை வொயிட் மெட்டலோடு சேர்க்க வேண்டி வந்தால், பித்தளை முகத்தில் முதலில் அதே 138 டிகிரி பேஸ்ட்டை மெல்லப் பூசிக் கழுவிவிட்டு, அதன்மேல் குறைந்த சூட்டில் வையுங்கள். 

நுணுக்க வேலையில் என் கண் முதலில் போவது பிரேக்குக்குத்தான். பக்கவாட்டில் நீளமாகத் தொங்கும் கை நெம்புகோல், அதைத் தாங்கும் வி வடிவத் தாங்கி, சக்கரத்தை நோக்கிப் போகும் தள்ளு கம்பிகள், பிரேக் கட்டைகள். பிரிட்டிஷ் வேகன்களில் மார்ட்டன் வகை பிரேக் பரவலானது. இரண்டு பக்கமும் நெம்புகோல் இருக்கும், எந்தப் பக்கத்திலிருந்து கீழே அழுத்தினாலும் பிரேக் பிடிக்க வேண்டும். அதற்காக ஒரு பக்கத்தில் மட்டும் திசையை மாற்றும் கிளட்ச் ஒன்று இருக்கும். கிட்டில் இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு துண்டு கொடுத்திருப்பார்கள், ஒரே மாதிரி இருக்கிறதே என்று மாற்றி வைத்துவிடாதீர்கள். பிரேக் கட்டை சக்கரத்தைத் தொடாமல் ஒரு தாள் நுழையும் இடைவெளி இருக்கட்டும். தட்டையாக வந்த கைப்பிடிகளைத் தூக்கி வைத்துவிட்டு 0.4 மில்லிமீட்டர் கம்பியில் நீங்களே வளைத்துப் போடுங்கள். வட்டக் கம்பியில் விழும் வெளிச்சமே வேறு.

எடை விஷயம். நாலு சக்கர வண்டிக்கு அச்சுக்கு 25 கிராம், ஆக மொத்தம் 50 கிராம் என்பது பிரிட்டிஷ் மாடல்காரர்களின் பழகிய கணக்கு. வொயிட் மெட்டலில் இது தானாக வந்துவிடும், பல சமயம் தாண்டியும் போகும். பித்தளையில் குறைந்தால் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டை வாங்கித் தட்டி உள்ளே வையுங்கள். மீன்பிடித் துறைமுகம் பக்கம் எங்கும் கிடைக்கும். அதை ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையால் ஒட்டவே ஒட்டாதீர்கள். அந்தப் பசையிலிருந்து வரும் அமிலமும் காற்றும் சேர்ந்து காரீயத்தை வெள்ளைப் பொடியாக்கும். அது ஊதிப் பெருகி, மூடிய பெட்டியின் சுவரையே பிதுக்கிவிடும். ஈயத்துக்கு எப்பாக்சிதான்.

பெயிண்டுக்கு முன் கடைசியாக ஒருமுறை முழுக் கழுவல், அதன் பிறகு விரல் படக்கூடாது. பித்தளையில் சாதாரண பிரைமர் நகத்தால் சுரண்டினால் உரிந்து வரும். கார் பெயிண்ட் கடையில் எட்ச் பிரைமர் என்று கேளுங்கள், அது உலோகத்தை லேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். வொயிட் மெட்டலுக்குச் சாதாரண சாம்பல் நிற பிரைமர் போதும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஈரம் ததும்பும் நாளில் ஸ்பிரே அடித்தால், கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பெயிண்ட் மேல் படிந்து, மேற்பரப்பு பால் மாதிரி வெளுத்துவிடும். கட்டும் வேலையை மழைக்காலத்தில் வைத்துக்கொண்டு, பெயிண்டை ஜனவரி முதல் மார்ச் வரை, வெயில் ஏறிய முற்பகலில் அடியுங்கள். அடிக்கும் முன் மாடலைக் கால் மணி நேரம் இளவெயிலில் வைத்துச் சூடாக்கினால் இன்னும் நல்லது.

கடைசிக் கேள்வி, இவற்றை நம் ஊர் வேகனாக மாற்றலாமா? இந்த இரண்டையும் மாற்றாதீர்கள் தம்பி. இவை வந்த ஊரின் வண்டியாகவே இருக்கட்டும். நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர், ஐந்தரை அடி. 4 மில்லிமீட்டர் அளவில் அது கச்சிதமாக 22 மில்லிமீட்டர் வருகிறது. உங்கள் தண்டவாளம் 16.5. வண்டியின் முனையில் மோதல் தாங்கும் பஃபர்களின் இடைவெளியும் வேறு, அங்கே 5 அடி 8½ அங்குலம், நம் அகலப் பாதையில் 6 அடி 5 அங்குலம். நிறத்தையும் எழுத்தையும் மட்டும் மாற்றினால் வண்டியின் முகம் காட்டிக்கொடுத்துவிடும். மூடிய நாலு சக்கர வேகன்கள் நம் நாட்டிலும் ஓடியவைதான். கன்னியாகுமரி – திருவனந்தபுரம் பாதை 1979-லும், நாகர்கோவில் – திருநெல்வேலி இணைப்பு 1981-லும் திறந்த காலத்தில் அவை நாடு முழுக்கப் புழக்கத்தில் இருந்தன. ஆனால் அவற்றைச் செய்வதானால் அவற்றின் அளவிலேயே புதிதாகச் செய்வதுதான் மரியாதை.

கை பழகியதும் ஒரு பி.சி.என்.ஏ. செய்து பாருங்கள். ரேஷன் அரிசியோடு நாகர்கோவிலுக்கு வரும் நீண்ட மூடிய வேகன் இந்த இனம்தான். வண்டிகளை இணைக்கும் கப்ளர் முதல் கப்ளர் வரை 14,450 மில்லிமீட்டர், உங்கள் அளவில் ஏறக்குறைய 190. அடியில் காஸ்னப் வகை போகி, அதாவது நாலு சக்கரம் கொண்ட, திரும்பும் அடிவண்டி, அச்சுக்கு அச்சு 2,000 மில்லிமீட்டர், அதாவது 26. புதுச் சக்கரம் 1,000 மில்லிமீட்டர் விட்டம், அதாவது 13. பக்கவாட்டு பஃபர் கிடையாது, நடுவில் பெரிய கப்ளர் மட்டும். படம் எடுப்பதை பிளாட்பாரத்திலிருந்தோ மேம்பாலத்திலிருந்தோ செய்யுங்கள், தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். கிட்ட நின்று பார்த்தால் கதவைச் சுற்றிச் சிமெண்டும் அரிசித் தவிடும் படிந்த சாம்பல் பூச்சு, போகிக்கு மேலே பிரேக் தூசியின் துருச் சிவப்பு, அதற்குக் கீழே செம்மண் தெறிப்பு என்று மூன்று நிறம் தெரியும். மூன்றுக்கும் வண்ணக் கடைக்குப் போக வேண்டாம். சலித்த சிமெண்ட் தூளும், கோலத்துக்கு ஓரம் கட்டும் காவிக் கட்டியை அரைத்த பொடியும் உலர்ந்த பிரஷ்ஷால் தடவி, மேலே பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு அடித்தால் போதும்.

வண்டியில் எழுதும் எண்ணும் சரியாக இருக்கட்டும். நம் வேகன் எண்ணில் 11 இலக்கம். முதல் இரண்டு வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வே, தெற்கு ரயில்வேக்கு 06. அடுத்த இரண்டு செய்த வருஷம், பிறகு நாலு இலக்கம் அந்த வண்டியின் வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்க்கும் இலக்கம். உதாரணத்துக்கு 31 06 08 1245 என்று வைத்துக்கொள்வோம். இரட்டை இடங்களில் உள்ளவை 1, 6, 8, 2, 5, கூட்டினால் 22. அதை மூன்றால் பெருக்க 66. ஒற்றை இடங்களில் 3, 0, 0, 1, 4, கூட்டினால் 8. மொத்தம் 74. அடுத்த பத்தின் மடங்கு 80-க்கு இன்னும் 6 வேண்டும், அதனால் கடைசி இலக்கம் 6. அரிசி மூட்டை இறக்கும் வேகனின் எண்ணைப் படம் பிடித்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். உங்கள் மாடலிலும் அப்படியே வர வேண்டும்.